‘எந்த ரிசார்ட்?’ எனக் கேட்கிறோம்... ‘ஏன் ரிசார்ட்?’ எனக் கேட்பதை எப்போது விட்டோம்?

எங்க டெஸ்க்ல ஒரு டெம்ப்ளேட் இருக்கு. ஏதாவது ஒரு மாநிலத்தில் ஆட்சி ஆட்டம் கண்டு, எம்.எல்.ஏ-க்கள் பஸ் ஏறுகிற செய்தி வருமே, அன்றைக்கு எடுப்பதற்காகவே செய்து வைத்தது. மேலே நீச்சல் குளம் படம். நடுவில் ‘மீண்டும் ரிசார்ட் அரசியல்’ என்ற தலைப்பு. கீழே இதற்கு முன் எங்கெல்லாம் நடந்தது என்று ஒரு பட்டியல். ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்போம்: மாநிலம், ஊர், எத்தனை பேர். பத்து நிமிஷ வேலை.

2024 பிப்ரவரியில் அந்த வேலை என்கிட்ட வந்தது. ஜார்க்கண்டில் ஹேமந்த் சோரன் கைதானதும், ஆளும் கூட்டணி எம்.எல்.ஏ-க்கள் விமானத்தில் ஹைதராபாத்துக்குப் போனார்கள். அதே வாரத்தில், நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன் பீகார் காங்கிரஸ் எம்.எல்.ஏ-க்களும் ஹைதராபாத்துக்கே வந்து இறங்கினார்கள். பக்கத்து சீட் நண்பர் கேட்டார்: “ரெண்டும் ஒரே ஊர்தானே, ஒரே வரியில போட்டுடலாமா?” போட்டுடலாம்னு சொன்னேன். போட்டோம்.

ராத்திரி மெட்ரோவில் வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களை, விலை போய்விடுவார்கள் என்ற பயத்தில் அவர்கள் கட்சியே வேறு மாநிலத்துக்குக் கூட்டிப்போய்க் காவல் வைக்கிறது. இரண்டு மாநிலங்களில். ஒரே வாரத்தில். எனக்கு அதில் இருந்த ஒரே கேள்வி, ஒரு வரியா இரண்டு வரியா என்பதுதான்.

ஜனநாயகத்தில் தலைவர்கள் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டால், அது நாளடைவில் ஏற்றுக்கொள்ளப்பட்டு விடுமா? இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் நமக்கு உடனே அமெரிக்காவும் டிரம்பும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் போதும்.

கூவத்தூர்: நாம் சிரித்த பத்து நாள்கள்

2017 பிப்ரவரி. நான் காலேஜ் முதல் வருஷம். ஒரு மாசம் முன்னாடிதான் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்திருந்தோம். ‘எங்க தலைமுறைக்கு அரசியல் புரியாதுன்னு யார் சொன்னது’ என்ற மிதப்பு அப்போது எல்லோருக்கும் இருந்தது.

பிப்ரவரி 7 இரவு, ஜெயலலிதா நினைவிடத்தில் ஓ.பன்னீர்செல்வம் கண்ணை மூடி உட்கார்ந்தார். எழுந்து வந்து, தன்னைக் கட்டாயப்படுத்தி ராஜினாமா செய்ய வைத்ததாகச் சொன்னார். மறுநாள் அ.தி.மு.க எம்.எல்.ஏ-க்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு, மாமல்லபுரத்தைத் தாண்டி இருக்கும் கூவத்தூர் ரிசார்ட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சாலையில் செய்தியாளர்கள் தடுக்கப்பட்டார்கள். எம்.எல்.ஏ-க்களை மீட்டுத்தரச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. காணாமல்போன ஆளைத் தேடுவதற்கான மனு அது. மதுரை தெற்கு எம்.எல்.ஏ சரவணன், மாறுவேஷத்தில் தப்பித்து வந்ததாகச் சொன்னார்.

14-ம் தேதி சொத்துக்குவிப்பு வழக்கில் சசிகலாவைக் குற்றவாளி என உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 16-ம் தேதி எடப்பாடி பழனிசாமி முதல்வரானார். 18-ம் தேதி சட்டமன்றத்தில் ரகளை, எதிர்க்கட்சியான தி.மு.க-வினர் வெளியேற்றம், கிழிந்த சட்டையுடன் வெளியே வந்த ஸ்டாலின். இதற்கெல்லாம் நடுவில் 122-க்கு 11 என்ற கணக்கில் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு ஜெயித்தது. ரிசார்ட்டிலிருந்து நேரே சட்டமன்றம் வந்து போட்ட ஓட்டு அது.

அந்தப் பத்து நாளும் நாங்க என்ன பண்ணினோம்? மீம் போட்டோம். நானே நாலு போட்டேன். ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பின் பெயரைக்கூட ‘கூவத்தூர்’னு மாத்தினோம். மெரினாவில் கோபப்பட்ட அதே நாங்கள்தான், ஒரு மாசத்தில் சிரித்துக்கொண்டிருந்தோம். சிரிப்பதும் எதிர்ப்புதான் என்று அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முதல் தடவை ஒரு நியாயம் இருந்தது

இதெல்லாம் கூவத்தூரில் தொடங்கியதில்லை. அதிகம் பேசப்படும் ஆரம்பகால உதாரணம் 1984, ஆந்திரா. அதில் சுவாரஸ்யமான விஷயம், அன்றைக்கு ரிசார்ட் பக்கம் இருந்தவர்தான் பாதிக்கப்பட்டவர்.

முதல்வர் என்.டி.ஆர் அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியிருந்தார். ஆகஸ்ட் 16 அன்று ஆளுநர் ராம்லால் அவரது ஆட்சியைக் கலைத்துவிட்டு, கட்சியிலிருந்து பிரிந்த பாஸ்கர ராவை முதல்வராக்கினார். பெரும்பான்மை தன்னிடம்தான் இருக்கிறது என்று என்.டி.ஆர் கதறியும் பலனில்லை. எம்.எல்.ஏ-க்களை விலைக்கு வாங்கிவிடுவார்கள் என்று பயந்து, அவர்களைப் பக்கத்து மாநிலமான கர்நாடகாவுக்கு அனுப்பினார். அங்கே ராமகிருஷ்ண ஹெக்டேயின் ஜனதா ஆட்சி. நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. ஆளுநர் மாற்றப்பட்டார். பாஸ்கர ராவால் பெரும்பான்மையைக் காட்ட முடியவில்லை. சரியாக ஒரு மாதத்தில், செப்டம்பர் 16 அன்று என்.டி.ஆர் மீண்டும் முதல்வர்.

அன்றைக்கு எம்.எல்.ஏ-க்களை ஒளித்து வைத்தது மக்கள் தீர்ப்பைக் காப்பாற்றுவதற்காக. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

1995 ஆகஸ்ட். அதே ஆந்திரா, அதே தெலுங்கு தேசம். இம்முறை எம்.எல்.ஏ-க்கள் ஹைதராபாத்தில் வைஸ்ராய் ஹோட்டலில் இருந்தார்கள். அவர்களைத் திரட்டியவர் என்.டி.ஆரின் மருமகன் சந்திரபாபு நாயுடு. ஆட்சியை இழந்தவர் என்.டி.ஆர். பதினொரு வருஷத்துக்கு முன் அவர் ஆட்சியைக் காப்பாற்றிக் கொடுத்த அதே உத்திதான் அவர் ஆட்சியைப் பறித்தது.

வழக்கத்துக்கு மாறான ஒன்று உள்ளே நுழையும் வழி பெரும்பாலும் இதுதான். முதல் தடவை ஒரு நல்ல காரணத்துடன், ‘இந்த ஒரு முறை மட்டும்’ என்று வரும். கதவைத் திறந்து விடுவோம். அடுத்து வருபவர் காரணத்தை வெளியே விட்டுவிட்டு உத்தியை மட்டும் உள்ளே கொண்டு வருவார்.

அப்புறம் வேகம் பிடித்தது

- 2017 ஜூலை: மாநிலங்களவைத் தேர்தலுக்காக குஜராத் காங்கிரஸ் எம்.எல்.ஏ-க்கள் 44 பேர் பெங்களூரு அருகே ரிசார்ட்டில்.
- 2017 ஆகஸ்ட்: டி.டி.வி.தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ-க்கள் முதலில் புதுச்சேரியில், பிறகு குடகில்.
- 2019 ஜூலை: கர்நாடகாவின் காங்கிரஸ், ம.ஜ.த அதிருப்தியாளர்கள் மும்பையில். குமாரசாமி ஆட்சி கவிழ்ந்தது.
- 2020 மார்ச்: மத்தியப் பிரதேச காங்கிரஸ் அதிருப்தியாளர்கள் பெங்களூருவில். கமல்நாத் ஆட்சி போனது.
- 2020 ஜூலை: ராஜஸ்தானில் சச்சின் பைலட் தரப்பு மானேசரில், அசோக் கெலாட் தரப்பு முதலில் ஜெய்ப்பூர், பிறகு ஜெய்சால்மரில்.
- 2022 ஜூன்: ஏக்நாத் ஷிண்டே தலைமையில் சிவசேனா எம்.எல்.ஏ-க்கள் சூரத், குவாஹாத்தி, கோவா என்று சுற்றினார்கள். உத்தவ் தாக்கரே ராஜினாமா செய்தார்.

காங்கிரஸ், பா.ஜ.க, அ.தி.மு.க, சிவசேனா, தெலுங்கு தேசம் என்று ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பக்கத்தில் எல்லோரும் இருந்திருக்கிறார்கள். ‘அவங்க பண்ணலையா?’ என்று கேட்டால் போதும், பேச்சு முடிந்துவிடும்.

இது எப்படி ‘நார்மல்’ ஆகுது?

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் இணைப்புப் பகுதியில் இருந்த ரப்பர் வளையம்தான் காரணம். அந்த வளையம் அரிக்கப்படுகிறது என்பது அதற்கு முன்பே, 1981-லிருந்தே பொறியாளர்களுக்குத் தெரியும்.

தெரிந்தும் ஏன் விட்டார்கள்? சமூகவியலாளர் டயேன் வான் இதை ஆராய்ந்து 1996-ல் புத்தகமாக எழுதினார். அவர் சொன்னது: யாரும் வேண்டுமென்று விதியை மீறவில்லை. முதல் தடவை அரிப்பைப் பார்த்தபோது கவலைப்பட்டார்கள். விண்கலம் பத்திரமாகத் திரும்பியது. அடுத்த தடவை கொஞ்சம் அதிக அரிப்பு. அப்போதும் திரும்பியது. ஒவ்வொரு முறையும் ‘போன தடவையை விட மோசமா?’ என்று பார்த்தார்களே தவிர, ‘இது இருக்கலாமா?’ என்று பார்க்கவில்லை. பிறழ்வே மெதுவாக வழக்கமாகிவிட்டது.

நம்ம கதையிலும் அளவுகோல் இப்படித்தான் நகர்ந்தது. கூவத்தூரில் பக்கத்து ஊர் என்று அதிர்ச்சியானோம். குவாஹாத்தி வந்தபோது, மும்பையிலிருந்து இவ்வளவு தூரமா என்பதுதான் ஆச்சரியம். ஏன் போனார்கள் என்பது கேள்வியாகவே இல்லை. அங்கிருந்து ஷஹாஜி பாட்டீல் என்ற எம்.எல்.ஏ போனில் மலையையும் மரத்தையும் ஹோட்டலையும் புகழ்ந்து பேசிய ஆடியோ வெளியாகி, நாடு முழுக்க வைரலானது. பாட்டு, ரீல்ஸ் எல்லாம் வந்தன. ஒரு அரசு கவிழ்ந்த வாரத்தில் நமக்கு ஞாபகம் இருப்பது அந்த ஆடியோதான்.

இதில் என் தொழிலுக்கும் பங்கு இருக்கு. புதுசா இருந்தாத்தான் அது செய்தி. முதல் முறை நடந்தால் தலைப்புச் செய்தி, ஐந்தாவது முறை ஒரு பெட்டிச் செய்தி, பத்தாவது முறை டெம்ப்ளேட்டில் ஒரு வரி. ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால் அது பெரிதாகிறது என்று அர்த்தம். ஆனால் செய்தி அறையில் அது சின்னதாகிக்கொண்டே போகிறது. யாரும் ‘இது சரி’ என்று சொல்லவில்லை. ‘இது தெரிஞ்சதுதானே’ என்று சொன்னோம், அவ்வளவுதான்.

சட்டம் இல்லையா?

இருக்கு. 1985-ல் அரசியல் சட்டத்தின் 52-வது திருத்தம் மூலம் பத்தாவது அட்டவணை வந்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்பது இதுதான். கட்சியை விட்டு விலகினாலோ, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ பதவி போகும். முன்பு மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் தப்பிக்கலாம் என்றிருந்தது. 2003-ல் அந்த வழியை அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் இன்னொரு கட்சியுடன் இணைவதை ஆதரித்தால் மட்டும் விலக்கு.

விளைவு? தனியாகப் போனால் பதவி போகும், கூட்டமாகப் போனால் தப்பிக்கலாம். அப்படியானால் கூட்டம் சேரும் வரை ஆட்களை ஓரிடத்தில் வைத்திருக்க வேண்டும். அங்கேதான் ரிசார்ட் வருகிறது.

தகுதி நீக்கத்தை முடிவு செய்பவர் சபாநாயகர். அவரும் ஒரு கட்சிக்காரர். தமிழ்நாட்டிலேயே பாருங்கள். 2017 பிப்ரவரி 18 அன்று அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்ட ஓ.பி.எஸ் உள்ளிட்ட 11 பேர் 2021-ல் அந்த ஆட்சிக்காலம் முடியும் வரை தகுதி நீக்கம் செய்யப்படவில்லை. முதல்வர் மீது நம்பிக்கையில்லை என்று ஆகஸ்ட் 22 அன்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த தினகரன் ஆதரவாளர்கள் 18 பேர் செப்டம்பர் 18 அன்றே பதவி இழந்தார்கள். அதே அவை, அதே சபாநாயகர்.

‘அவங்க ரிசார்ட்ல இருந்தா எனக்கென்ன?’

நியாயமான கேள்வி. கூவத்தூரில் எம்.எல்.ஏ-க்கள் இருந்தபோது, தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. குஜராத் எம்.எல்.ஏ-க்கள் பெங்களூருவில் இருந்தபோது வடக்கு குஜராத்தில் வெள்ளம். மகாராஷ்டிர எம்.எல்.ஏ-க்கள் குவாஹாத்தியில் இருந்தபோது, அதே அசாமில் சில்சார் நகரம் தண்ணீருக்குள் இருந்தது.

மத்தியப் பிரதேசம் இன்னும் மோசம். 2020 மார்ச்சில் பெங்களூரு போனவர்களில் அந்த மாநிலத்தின் சுகாதாரத்துறை அமைச்சரும் ஒருவர். கமல்நாத் 20-ம் தேதி ராஜினாமா செய்தார். 23-ம் தேதி சிவராஜ் சிங் சவுகான் பதவியேற்றார். 25-ம் தேதி நாடு முழுக்க லாக்டவுன். அதற்குப் பிறகும் ஏப்ரல் 21 வரை அவருக்கு அமைச்சரவையே கிடையாது. கொரோனாவின் முதல் மாதத்தை சுகாதாரத்துறை அமைச்சர் இல்லாமல் கடந்தது ஒரு பெரிய மாநிலம்.

நம்ம ஊரில், தகுதி நீக்கப்பட்ட 18 தொகுதிகளுக்கு வழக்கு முடிந்து 2019-ல் இடைத்தேர்தல் நடக்கும் வரை எம்.எல்.ஏ கிடையாது. ஒன்றரை வருஷத்துக்கும் மேல். அந்தத் தொகுதிகளில் ரோடு, ரேஷன் கடை, தண்ணீர் என்று ஒரு மனு கொடுக்கணும்னா யார்கிட்ட கொடுப்பது?

உங்க அபார்ட்மென்ட் சங்கத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். செயலாளரை மாற்றுவதற்கான ஓட்டெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, கமிட்டி உறுப்பினர்களை ஒருத்தர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஈ.சி.ஆரில் ஒரு வீட்டில் வைத்திருந்து, ஓட்டெடுப்பு அன்றைக்கு நேரே கூட்டிவருகிறார். செலவு யாருடையது என்று தெரியாது. அந்த முடிவை ஒத்துக்கொள்வீர்களா? மாதம் மூவாயிரம் ரூபாய் மெயின்டனன்ஸுக்கே சண்டை போடுவோம். பல லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டை நிறைவேற்றும் சபைக்கு மட்டும் ‘அரசியல்னா அப்படித்தான்’ என்கிறோம்.

மக்கள் ஏத்துக்கிட்டாங்களா?

இங்கேதான் என் வாதத்துக்குச் சங்கடம். கர்நாடகாவில் ஆட்சியைக் கவிழ்த்துத் தகுதி நீக்கம் செய்யப்பட்டவர்களில் 13 பேரை 2019 டிசம்பர் இடைத்தேர்தலில் பா.ஜ.க நிறுத்தியது. 11 பேர் ஜெயித்தார்கள். மகாராஷ்டிராவில் 2024 சட்டமன்றத் தேர்தலில் ஷிண்டே சிவசேனா 57 இடங்கள், உத்தவ் சிவசேனா 20. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. தகுதி நீக்கம் செய்யப்பட்டவர்கள் தினகரன் கட்சியில் நின்று ஜெயிக்க முடியவில்லை.

இதை வைத்து ‘மக்கள் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள்’ என்று சொல்வது ரொம்ப சுலபம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு ஓட்டில் வேட்பாளர், சாதி, நலத்திட்டம், எதிரணி மீதான கோபம் என்று பத்து விஷயங்கள் இருக்கின்றன. ரிசார்ட் அதில் ஒன்று, அதுவும் கடைசியில். எல்லாக் கட்சியும் அதைச் செய்யும்போது, அதற்கு எதிராக ஓட்டுப் போட ஒரு பட்டனே இயந்திரத்தில் இல்லை. மக்கள் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதைவிட, எதிர்பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள் என்பதே சரி. தலைவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். நமக்கு அப்படி இல்லை.

திருப்ப முடியுமா?

சில சமயம் முடிந்திருக்கிறது. பெரும்பான்மையை ஆளுநர் மாளிகையில் அல்ல, அவையில்தான் நிரூபிக்க வேண்டும் என்று 1994-ல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-ல் கர்நாடகாவில் எடியூரப்பாவுக்கு ஆளுநர் 15 நாள் கொடுத்தார். நீதிமன்றம் அதை மறுநாள் என்று சுருக்கியது. அவர் வாக்கெடுப்புக்கு முன்பே ராஜினாமா செய்தார். 2019 நவம்பரில் மகாராஷ்டிராவிலும் மறுநாளே வாக்கெடுப்பு என்று நீதிமன்றம் சொன்னதும் தேவேந்திர ஃபட்னாவிஸ் விலகினார். பேரம் பேச நேரம் இருக்கும் வரைதான் ரிசார்ட்டுக்கு வேலை.

இரண்டாவது, சபாநாயகரின் அதிகாரம். தகுதி நீக்க மனுக்களைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2020-ல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த அதிகாரத்தைச் சபாநாயகரிடமிருந்து எடுத்து ஒரு சுதந்திரமான தீர்ப்பாயத்துக்குக் கொடுப்பதை நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்றும் சொன்னது. அந்த யோசனை இன்னும் யோசனையாகவே இருக்கிறது.

மூன்றாவது நம்ம பக்கம். ஒவ்வொரு முறையும் தெருவில் இறங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மீம் போடாதீங்கன்னும் சொல்லல, நானே போடுவேன். பழைய கேள்விகளை மட்டும் திரும்பக் கேட்போம். இந்த பில் யார் கட்டுவது? என் தொகுதி எம்.எல்.ஏ அதில் இருக்காரா? இருந்தால், அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது அந்தப் பத்து நாளைப் பற்றி அவரிடம் யாராவது கேட்டார்களா?

போன வாரம் டெஸ்க் மீட்டிங்கில் ஒரு விஷயம் சொன்னேன். அந்த டெம்ப்ளேட்டில் நீச்சல் குளம் படத்தை எடுத்துவிடலாம். ஊர், ஹோட்டல் வரிசைக்குப் பதிலாக மூன்று வரி போடலாம்: எத்தனை தொகுதிகளின் எம்.எல்.ஏ-க்கள் ஊரில் இல்லை, அங்கே இப்போது என்ன பிரச்னை, செலவு யாருடையது. “பத்து நிமிஷத்துல முடியற வேலை இல்லையேப்பா அது” என்றார் எடிட்டர். ஆமா சார், இல்லதான் என்றேன்.

அடுத்த பஸ் கிளம்பும்போது பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.